கேம்பல் பேயில் பனி பெய்த ஞாயிறு

கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருப்பவரை எந்தத் தீவிலும் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. போர்ட் பிளேருக்குத் தெற்கே கடைசித் தீவில் இருக்கும் கேம்பல் பேயில் சந்திரமோகனையும் பலருக்குப் பிடிக்கவில்லை. அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. மழைக்காற்று வலுத்துவிட்டால் போர்ட் பிளேர் கப்பல் இன்று, நாளை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர், தங்கை கல்யாணத்துக்குப் போக வேண்டியவர், மகளைக் காலேஜில் சேர்க்கப் போக வேண்டியவர் என்று எல்லாரும் அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அவர் "ஆஜ் நஹீ" என்பார். தமிழ் ஆள் என்று முகம் தெரிந்தால் "இன்னைக்கு இல்லங்க" என்பார். இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்து கேட்டவர்கள் குறைவு.

அவருடைய அப்பா அழகையா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்குப் போர்ட் பிளேர் வந்தவர். புரோத்ராபூரில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சந்திரமோகன் பிறந்தது, படித்தது, இந்திராணியைக் கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் அங்கேதான். இந்திராணி பள்ளிக்கூட ஆசிரியை. இவருக்குத் தெற்குக் கோடித் தீவுக்கு வேலை மாற்றி உத்தரவு வந்தபோது அவளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அதனால் இவர் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியோடு கேம்பல் பேயில் இறங்கினார்.

குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் விரிகுடா. மழை வந்துவிட்டால் இரண்டும் கரைந்து ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எது வானம், எது தண்ணீர் என்று தெரியாது. சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிற ஊர். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதிலிருந்தே அவர் மனம் உட்கார்ந்த இடத்தில் நிற்காது. உடம்பு கவுண்டரில் இருக்கும், ஆள் வேறெங்கோ போயிருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அஸ்வின் என்ற இளைஞன் வந்து மாட்டிக்கொண்டான். கடலாமைகள் முட்டையிடுவதைப் படிக்கச் சென்னையிலிருந்து வந்தவன். வேலை முடிந்துவிட்டது, திரும்பக் கப்பல்தான் இல்லை. தினமும் காலையில் கவுண்டருக்கு வருவான், கேட்பான், சிரித்துக்கொண்டே போவான். கோபப்படாமல் போன ஒரே பயணி அவன்தான். அதனாலேயே சந்திரமோகன் அவனை ஒருநாள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அவன் பையிலிருந்து ஒரு சுருக்குத் துணிப்பையை எடுத்துக் கவிழ்த்தான். மேஜைமேல் பகடைகள் உருண்டன. நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பல தினுசு. ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாட வேண்டும், முடியுமா முடியாதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருட்ட வேண்டும் என்று சொன்னான். கட்டம் போட்ட பலகையோ காயோ கிடையாது. எல்லாம் வாயால்தான்.

"அண்ணா, நீங்க ஒரு திருடன். பூட்டின மாளிகைக்கு வெளிய நிக்கிறீங்க. ரெண்டாவது மாடில ஒரு ஜன்னல் மட்டும் தொறந்திருக்கு. என்ன பண்றீங்க?"

சந்திரமோகன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "செவத்துல கொடி எதுவும் படர்ந்திருக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அந்த மழை விடுகிறவரை இருவரும் விளையாடினார்கள். ஒருவழியாகக் கப்பல் வந்த அன்று, தன் கையாலேயே அஸ்வினுக்கு டிக்கெட் கொடுக்க அவருக்கு மனமே வரவில்லை. அஸ்வின் பகடைப் பையையும், கதைகள் அடங்கிய தடித்த புத்தகத்தையும் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டான். இங்கேயே ஆள் சேர்த்து நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறப் போய்விட்டான்.

ஆள் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பேசிப் பழக்கமில்லாத மனிதர் திடீரென்று விளையாட வாருங்கள் என்றால் யார் நம்புவார்கள்? கடைசியில் மூன்று பேர் சம்மதித்தார்கள். ஜெட்டி ரோட்டில் மெஸ் நடத்தும் வேலாயி ஒருவர். அறுபதை நெருங்கிய பெண்மணி. சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பம். சுனாமியில் அங்கே எல்லாம் போன பிறகு இங்கே வந்து அடுப்பு மூட்டியவர். அடுத்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ் ராஜகுமாரி. மூன்றாவது ஆள் ஹார்ட்வேர் கடை விஜயன். சரக்கு எப்போது வரும் என்று கவுண்டரில் அதிகமாகச் சண்டை போட்டவர் அவர்தான். கப்பலைப் பற்றி முன்கூட்டியே ஏதாவது தெரியவரும் என்ற நப்பாசையில் வந்தார்.

முதல் விளையாட்டுக்குச் சந்திரமோகன் புத்தகத்திலேயே பெரிய கதையைத் தேர்ந்தெடுத்தார். ஏழு ராஜ்ஜியங்கள், ஐந்நூறு வருஷப் பகை, எரிந்துபோன தலைநகரம், கடைசியில் மூன்று தலை நாகம். நல்லதைக் கொடுக்க வேண்டும், உள்ளதில் பெரியதைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வாரக்கணக்கில் படித்து ராஜாக்களின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை அவர் பிறகு நினைத்துப் பார்க்கவே கூசினார். ஆளுக்கு ஒரு பாத்திரம் உருவாக்குவதிலேயே பாதிப் பொழுது போயிற்று. பலம் எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு, எந்த ராஜ்ஜியத்துப் பிரஜை, எந்தக் குலதெய்வம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ராஜகுமாரிக்கு ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடுவது மாதிரி இருந்தது. கதை தொடங்கியதும் சந்திரமோகன் ஐந்நூறு வருஷ வரலாற்றைச் சொன்னார். விஜயன் கண்ணயர்ந்தார். தன் ஆள் அரண்மனைச் சமையல்காரனோடு பேசலாமா என்று வேலாயி கேட்டார். சந்திரமோகன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது புத்தகத்தில் இல்லை என்றார். கோட்டை மதில் ஏறலாமா என்று ராஜகுமாரி கேட்டதற்கும் அதுவே பதில். கொஞ்ச நேரத்தில் யாரும் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவரவருக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

சந்திரமோகன் பகடைப் பையை டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஆனால் மனசு மூடவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது, கப்பல் இல்லாத ஜெட்டியில் மழை தூறும்போது, தப்பு எங்கே என்று யோசித்துக்கொண்டே இருந்தார். அஸ்வினோடு விளையாடியதில் தனக்கு எது பிடித்தது? எத்தனையோ நடந்தது, அதில் ராஜாவும் இருந்தான், யுத்தமும் இருந்தது. எதுவும் ஞாபகம் இல்லை. இரண்டாவது மாடியில் திறந்திருந்த அந்த ஒரு ஜன்னல்தான் கண்ணில் நின்றது. அதன் மரச்சட்டம் ஈரமாக இருந்தது அவருக்குத் தெரியும். அஸ்வின் அப்படிச் சொல்லவே இல்லை. இவராகவே பார்த்தது.

புதிதாக வருகிறவனுக்கு அவ்வளவு போதும் என்று அன்று பட்டது. ஒரு ஊர், அதற்கு ஒரு தொல்லை, சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போக ஒரு முடிவு. ஏழு ராஜ்ஜியமும் இருந்துவிட்டுப் போகட்டும். புத்தகத்தை மறுபடி எடுத்து, கடைசிப் பக்கங்களில் இருந்த சின்னச் சின்னக் கதைகளைப் புரட்டினார். முன்பு அவற்றை அவர் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. நாலு பக்கம், ஐந்து பக்கம், அவ்வளவுதான் ஒவ்வொன்றும்.

ஒரு வாரம் முழுக்க அந்தக் கதைகளுக்குள் அவர் நடந்தார். ஒரு கையால் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே மனசால் வேறொரு தெருவில் போய்க்கொண்டிருந்தார். முதல் கதையில் ஒரு சத்திரத்தின் நிலவறையில் ராட்சத எலிகள் புகுந்திருந்தன. படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெஸ்ஸில் தினமும் விளக்குமாற்றோடு எலி துரத்துகிற வேலாயியை மறுபடி எலி துரத்தச் சொல்வதா? அதை விட்டார். இரண்டாவது கதையில் பாழடைந்த மருத்துவசாலை, அதில் உறங்காத ஆவிகள். அந்த வாரந்தான் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குழந்தை இறந்து, ராஜகுமாரி முகம் வாடிப் போயிருந்தாள். அதையும் விட்டார். மூன்றாவது கதை கடலுக்குள் மூழ்கிய ஒரு ஊரைப் பற்றியது. முதல் வரியிலேயே பக்கத்தைத் திருப்பிவிட்டார். இந்த ஊரில் அதை யாரிடம் சொல்வது?

நான்காவது கதையில் பனிமலை இருந்தது. மலைமேல் ஒரு கிராமம், அங்கே ஆடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அடிச்சுவட்டைப் பிடித்துக்கொண்டு போனால் குகை, குகைக்குள் குள்ளப் பூதங்கள், ஒரு சண்டை, கதை முடிந்தது. அவர்கள் நான்கு பேரில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. அன்று கவுண்டரை மூடிவிட்டுத் திரும்பும்போது தென்னந்தோப்பின்மேல் மழைப்புகை இறங்கியிருந்தது. அவர் நின்று பார்த்தார். மரங்கள் எல்லாம் வெள்ளையாகி, சத்தம் அடங்கி, சாலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தபிறகுதான் அவர் ஒதுங்கினார்.

பாத்திரங்களையும் இந்தத் தடவை அவரே எழுதி வைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு வரி. பயப்படாத வேட்டைக்காரி, பச்சிலை தெரிந்தவள், வாயால் பிழைக்கும் வியாபாரி. மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய், இன்னும் ஒரே ஒரு தடவை, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று கேட்டுக்கொண்டார். கவுண்டர்க்காரர் கெஞ்சி அவர்கள் பார்த்ததில்லை. அதற்காகவே வந்தார்கள்.

மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டிருந்தது. கூரைமேல் குரங்குகள் ஓடின. வெளியே விடாத மழை. சந்திரமோகன் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"மலைமேல ஒரு ஊரு. காலைல எந்திரிச்சுப் பாக்குறீங்க, எங்க பார்த்தாலும் பனி. கால் வச்சா முழங்கால் வரைக்கும் போகுது," என்றார்.

"பனின்னா எப்படி இருக்கும் தம்பி?" என்று வேலாயி கேட்டார்.

அவருக்கும் தெரியாது. வேலாயியே எழுந்து போய் மீன் வைக்கிற ஐஸ் பெட்டியைத் திறந்து, பக்கத்தில் படிந்திருந்ததைச் சுரண்டி ஒரு தட்டில் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நான்கு பேரும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் மீன் வாசம் அடித்தது. இது வானத்திலிருந்து விழும் என்றால் சத்தம் வருமா என்று ராஜகுமாரி கேட்டாள். வராது என்று சந்திரமோகன் தயங்காமல் சொன்னார். அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தகரத்தில் மழை அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அவர்களுக்கு அது கேட்கவில்லை.

அடிச்சுவட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். வேட்டைக்காரி வேலாயி முன்னால் போனார். வியாபாரி விஜயன் ஊர்க்காரர்களிடம் ஒரு கம்பளி பேரம் பேசி வாங்கி வந்திருந்தார். கதையில் அப்படி ஒன்று இல்லை, சந்திரமோகனும் சரி என்று கொடுத்துவிட்டார். பச்சிலைக்காரி ராஜகுமாரி பனிக்கு அடியில் கையை விட்டு ஏதோ வேர் தேடினாள். குகை வாசலில் புகை தெரிந்தது. உள்ளேயிருந்து இடுப்பளவு உயரத்தில், அழுக்குத் தோல் போர்த்திக்கொண்டு, கையில் தடியோடு ஒரு குள்ளப் பூதம் வெளியே வந்தது.

இந்த இடத்தில் சண்டை. பகடைகளை அவர் தயாராக அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வேலாயி பகடையைத் தொடவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, சந்தையில் புது ஆளிடம் கேட்கிற குரலில், "க்யா ரே, தும் லோக் கிதர் சே ஆயா?" என்றார்.

எங்கேயிருந்து வந்தீர்கள் என்று இந்தியில் கேட்டுவிட்டார். அந்தத் தீவில் அது இயல்பு. எதிரில் நிற்பவர் வங்காளியா தெலுங்கா மலையாளியா என்று தெரியாதபோது வாய் தானாக இந்திக்குப் போய்விடும். பூதம் என்ன பாஷை பேசும் என்று யாருக்குத் தெரியும்?

சந்திரமோகனுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது, இது புத்தகத்தில் இல்லை என்று. மூன்று முகங்களும் அவரையே பார்த்தன. பூதத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்தன. அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். குரல் தானாகக் கம்மிப்போயிற்று.

"பஹாட் கிர் கயா," என்றார். மலை இடிந்து விழுந்துவிட்டது. "கர் நஹீ ஹை. பச்சா லோக் பூக்கா ஹை." வீடு இல்லை, பிள்ளைகள் பசியாக இருக்கிறார்கள்.

அதன்பிறகு சண்டையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். எத்தனை குடும்பம் என்று விஜயன் கேட்டார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்று ராஜகுமாரி கேட்டாள். பள்ளத்தாக்கில் சும்மா கிடக்கிற நிலம் யாருடையது என்று வேலாயி கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் சந்திரமோகன் அந்த இடத்திலேயே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். கேட்கக் கேட்க மலை பெரியதாகிக்கொண்டே போயிற்று. இதுவரை அங்கே இல்லாத ஓடைகள் ஓடின, அடுப்புகள் புகைந்தன.

மூவரும் மலையிறங்கி ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனார்கள். பூதங்களுக்குப் பள்ளத்தாக்கைக் கொடுக்க வேண்டும், ஆட்டுப் பாலில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், பதிலுக்கு அவை மேய்க்கும் என்று விஜயன் நயமாக எடுத்துச் சொன்னார். இதற்குப் பகடை உருட்டித்தான் ஆக வேண்டும் என்றார் சந்திரமோகன். அன்று உருண்ட முதல் பகடை அதுதான். இருபதுக்கு மூன்றுதான் விழுந்தது.

"தலைவர் முடியாதுன்னுட்டார். இன்னைக்கு இல்லங்கிறார், கதவைச் சாத்திட்டார்," என்றார் சந்திரமோகன்.

விஜயன் வேலாயியைப் பார்த்தார். வேலாயி ராஜகுமாரியைப் பார்த்தார்.

"சரி, நாங்க வாசல்லயே உக்காந்திருக்கோம். நாளைக்குக் கேக்குறோம்," என்றார் விஜயன்.

"பனி விழுது. ராத்திரி குளிரும்."

"விழட்டும் சார். காத்துக் கெடக்குறதுல எங்கள ஜெயிக்க ஒருத்தன் பொறந்து வரணும்."

வேலாயி வாய்விட்டுச் சிரித்தார். சந்திரமோகனும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அந்த ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாளும் தலைவர் இல்லை என்றார், அவர்கள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் தலைவரின் மனைவி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அதற்கும் மறுநாள் தலைவர் கதவைத் திறந்து, உங்களோடு முடியவில்லை, வரச் சொல்லுங்கள் என்றார். குள்ளப் பூதங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பனியில் இறங்கி வந்தன. சந்திரமோகன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றின் கையில் சட்டி, ஒன்றின் தலையில் பாய். எப்படித் தோன்றியதோ, ஒன்றின் மடியில் ஒரு கோழி.

கதை முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டில் ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டிருந்தது. வேலாயி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாங்க கச்சால்ல எறங்குன அன்னைக்கு எங்கப்பாகிட்ட ஒரு ஆளு இந்தியில ஏதோ கேட்டாரு. அப்பாவுக்கு ஒரு சொல்லு வெளங்கல. பதில் சொல்ல ஏலாம சும்மா சிரிச்சுக்கிட்டே நின்னாரு. எங்கேருந்து வர்றீங்கன்னுதான் கேட்டிருப்பாருன்னு இப்பத்தான் தோணுது."

ராஜகுமாரி அவர் கைமேல் தன் கையை வைத்தாள். விஜயன் எழுந்து போய் நான்கு டம்ளரில் டீ ஊற்றிக் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிறு ஆட்டம் உண்டா என்று கேட்டதும் அவர்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் அந்த ஆட்டம் நடந்தது. மெல்லப் பெரிய கதைகளுக்கும் போனார்கள். ஏழு ராஜ்ஜியத்தில் மூன்றைப் பார்த்தார்கள். சுனாமிக்கு முன் வைத்திருந்த வாழைத்தோட்டத்தைப் பற்றி ராஜகுமாரி ஒருநாள் பேசினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, கதையில் ஒரு தோட்டம் வந்தது, அவ்வளவுதான். கவுண்டரில் கப்பல் இல்லை என்பது மாறவில்லை. ஆனால் சந்திரமோகன் இப்போது ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, எதற்காகப் போகிறீர்கள், என்றைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று விசாரித்தார். அவசரமானவர்களுக்கு ஹெலிகாப்டருக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஊர் அவரிடம் கொஞ்சம் பேச ஆரம்பித்தது.

புரோத்ராபூருக்கு மாற்றல் கிடைத்தபோது பகடைப் பையை விஜயனிடம் கொடுத்துவிட்டு வந்தார். புதுப் பகடைகள் மெயின்லேண்டிலிருந்து வந்து சேர்ந்ததும் இந்திராணியையும், பக்கத்து வீட்டு ஜெயலட்சுமியையும், ஜெயலட்சுமியின் தம்பி சண்முகத்தையும் உட்கார வைத்தார். எந்தக் கதையைத் தொடங்கலாம் என்று நான்கைந்து நாளாக அவர் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தது இந்திராணிக்குத் தெரிந்திருந்தது. ரசத்துக்கு உப்பு போட்டோமா என்றுகூட அவருக்கு அந்த வாரம் நினைவில்லை.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் இந்திராணி.

கேட்டார். அவள் மனசில் இருந்தது ரயில், அவள் ஏறாத வண்டி. தீவில் பிறந்து, தீவிலேயே படித்து, மெயின்லேண்டுக்கு ஒரே ஒரு தடவை விமானத்தில் போய் வந்தவள். வகுப்பில் ரயிலைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் பொய் சொல்வது மாதிரி இருக்கும் என்றாள். ஜெயலட்சுமிக்கும் அப்படித்தான்.

சந்திரமோகன் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். ரயிலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. கண்ணை மூடினார். காடு வந்தது, காட்டுக்குள் விளக்கு எரியும் ஒரு சின்ன நிலையம் வந்தது. மூன்று பேர் மூட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகும் வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை.

"தூரத்துல சத்தம் கேக்குது. தண்டவாளம் லேசா அதிருது. என்ன பண்றீங்க?" என்றார்.

இந்திராணி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.